உங்க ஏசிக்கு எண்ணூரில் எவ்வளவு சாம்பல்? அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு

ஒன்றரை டன் ஏசி ஒன்று ராத்திரி முழுக்க ஓடினால் ஏறக்குறைய எட்டு யூனிட் ஆகும். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் 700 கிராம் நிலக்கரியை எரிக்கணும். நம்ம நாட்டு நிலக்கரியில் 30 முதல் 40 சதவிகிதம் வரை சாம்பல்தான். பெருக்கிப் பாருங்க, ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு ரெண்டு கிலோ சாம்பல். கிரிட்டில் காற்றாலை, அணுமின், சோலார் எல்லாம் கலந்துதான் வரும். அதனால் உங்க வீட்டுக்கு வந்த யூனிட் எங்கே பிறந்ததுன்னு யாராலும் சொல்ல முடியாது. நிலக்கரியில் பிறந்திருந்தால் கணக்கு இதுதான்.

சரி, அந்தச் சாம்பல் எங்கே போகுது?

அம்பத்தூரிலிருந்து கிழக்கே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் எண்ணூர். கோசஸ்தலையாறு கடலில் கலக்கிற கழிமுகம் அங்கேதான் இருக்கு. அதைச் சுற்றி வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200 மெகாவாட். என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து நடத்தும் வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட். 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் நிலை 800 மெகாவாட். கூட்டினால் 4,130. இதற்கெல்லாம் மூத்தது 1970-களில் வந்த எண்ணூர் அனல்மின் நிலையம். அது 2017 மார்ச்சோடு ஓய்வு பெற்றுவிட்டது.

இவையெல்லாம் ஏன் வந்தன என்பதை அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் தெரியும். 2012 வாக்கில் மின்வெட்டு எப்படி இருந்ததுன்னு அப்பாவையோ மாமாவையோ கேளுங்க. லேத் பட்டறைகளில் பாதி நாள் ஜெனரேட்டர், மீதி நாள் சும்மா உட்கார்ந்திருந்த ஆட்கள். டீசல் செலவு கட்டாமல் ஷிப்டைக் குறைத்த சின்னப் பட்டறைகள் எத்தனையோ. வல்லூரும் வட சென்னை இரண்டாம் நிலையும் ஓட ஆரம்பித்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆகவே “எல்லாத்தையும் இழுத்து மூடு” என்று ஒரு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுப் போவது சுலபம். அந்தப் பட்டறைக்காரரிடம் அதைச் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

சுடுதண்ணியும் சாம்பல் குழம்பும்

நிலக்கரியை மாவு போல அரைத்து எரித்து, அந்தச் சூட்டில் தண்ணீரை ஆவியாக்கி, ஆவியை வைத்து டர்பைனைச் சுற்றுகிறார்கள். வேலை முடிந்த ஆவியைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். அதற்குத்தான் கடலோரம். இப்படிப் பயன்பட்ட தண்ணீர் சூடாகத் திரும்பி வரும். அது கலக்கிற நீரின் வெப்பம் இயல்பைவிட 7 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்று மத்திய அரசின் விதி இருக்கு. நமக்கு 7 டிகிரி வித்தியாசம் ஒரு ஃபேனில் தீர்ந்துவிடும். இறால் குஞ்சுக்கு அப்படி இல்லை. தண்ணீர் சூடாக ஆகக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், குஞ்சுகளும் முட்டைகளும்தான் முதலில் அடிபடும். சுடுநீர் கழிமுகத்தில் வந்து சேர்வது காட்டுக்குப்பம் பக்கத்து மீனவர்களின் நீண்ட நாள் புகார்.

சுடுதண்ணி ஆறிவிடும். சாம்பல் ஆறாது, படியும்.

சாம்பலை உலர்வாகச் சேகரித்தால் அது சரக்கு. சிமென்ட் கம்பெனிகள் வாங்கும், பி.பி.சி. சிமென்ட் மூட்டையில் 35 சதவிகிதம் வரை இந்தச் சாம்பல் இருக்கலாம். திருநின்றவூர், பூந்தமல்லிப் பக்கம் எழும்புகிற அபார்ட்மென்ட்களில் அடுக்கி வைத்திருக்கும் சாம்பல் நிறக் கல்லைப் பார்த்திருப்பீங்க, அதுவும் இதுதான். 2021 டிசம்பரில் வந்த மத்திய அரசு அறிவிக்கை, மின் நிலையங்கள் சாம்பலை 100 சதவிகிதம் பயன்பாட்டுக்கு அனுப்பணும் என்கிறது.

பயன்பாட்டுக்குப் போகாத சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, குழாயில் தள்ளி, சாம்பல் குளத்தில் கொட்டுகிறார்கள். வட சென்னை நிலையத்தின் சாம்பல் குளம் இருப்பது சேப்பாக்கம் கிராமத்தை ஒட்டி. (கிரிக்கெட் ஸ்டேடியம் இருக்கும் சேப்பாக்கம் இல்லை. இந்தச் சேப்பாக்கத்தில் காற்றடித்தால் வீட்டுக்குள் சாம்பல்.) கழிமுகப் பகுதியைக் கடந்து போகும் அந்தக் குழாய்கள் பழசாகி, விரிசல் விட்டு, வருடக் கணக்கில் ஒழுகின. ஒழுகியது ஆற்றின் அடியில் போய்ப் படிந்தது. ஆள் முங்கும் ஆழம் இருந்த இடத்தில் இப்போது இடுப்பளவுதான் என்கிறார்கள் மீனவர்கள்.

இதில் யார் பிழைப்பு போகுதுன்னு பார்க்கணும். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற ஊர்களுக்குக் கழிமுகம்தான் வயல். ‘பாடு’ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: எந்த நாளில் யார் எங்கே வலை கட்டுவது என்று ஊரே பேசி முறைவைத்துக்கொள்ளும் ஏற்பாடு. மடவை, நண்டு, இறால் எல்லாம் கிடைத்த இடம். சேற்றுக்குள் கையை விட்டு இறால் பிடிக்கிறவர்களும் உண்டு. சேறு இருந்தால்தானே இறால் புதையும்? சிமென்ட் மாதிரி இறுகிய சாம்பலில் எது புதையும்? பிடிப்பு குறைந்தால் வலைக்காரருக்கு மட்டும் நஷ்டமில்லை. கூடையில் வாங்கித் தெருத் தெருவாக விற்கிற அக்கா, ஐஸ் போடுகிறவர், படகு பழுது பார்க்கிறவர், எல்லாருக்கும் அன்றைக்கு வேலை இல்லை. மீன் கிடைத்தாலும் “எண்ணூர் மீனா?” என்று முகம் சுளிக்கிற வாடிக்கையாளர் வேறு.

ஒரே நாளில் உடைந்தால் செய்தி

2008 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளக் கரை உடைந்தது. 40 லட்சம் கன மீட்டருக்கு மேல் சாம்பல் சேறு பாய்ந்து ஆற்றை அடைத்தது, கரையோர வீடுகளைப் பெயர்த்தது. உலகமே பார்த்தது. ஆற்றைத் தோண்டிச் சுத்தம் செய்யப் பல ஆண்டுகள் ஆயின. செலவு 100 கோடி டாலருக்கு மேல், கட்டியது மின் நிறுவனம்.

எண்ணூரில் அப்படி ஒரு ‘அந்த நாள்’ இல்லை. சொட்டுச் சொட்டாக ஒழுகினால் டிவி வேன் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படகும் வலையும் கறுத்தபோது வேன்கள் வந்தன. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். எண்ணெய் கண்ணுக்குத் தெரியும். தண்ணீருக்கடியில் கிடக்கும் சாம்பலுக்கு அப்படி ஒரு போட்டோ கிடைக்காது. 2017-ல் டி.எம்.கிருஷ்ணாவின் ‘சென்னை புறம்போக்கு பாடல்’ வீடியோவைப் பார்த்துத்தான் நிறைய பேருக்கு இந்த இடமே தெரியும். அதே அக்டோபரில் கமல்ஹாசன் நேரில் போய்ப் பார்த்தார். மீனவர் தரப்போ 2016-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டியிருந்தது. 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது: மாசுக்கு மின்வாரியம் பொறுப்பு, கழிமுகத்தை மீட்க வேண்டும்.

இதில் மேற்குப் பக்கத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. பூண்டி ஏரி திறந்தாலும், புழல் ஏரி திறந்தாலும் உபரி நீர் போய்ச் சேர்வது எண்ணூர் கழிமுகத்தில்தான். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் மாநகராட்சி கட்டும் கோசஸ்தலையாறு படுகை மழைநீர் வடிகால் திட்டத்தில் அம்பத்தூர் மண்டலப் பகுதிகளும் வருகின்றன. தெருவில் எவ்வளவு பெரிய வடிகால் வைத்தாலும், கடைசி வாசல் மேடு தட்டியிருந்தால் தண்ணீர் நின்று நிதானமாகத்தான் போகும். முதலில் முழுகுவது மணலியும் எண்ணூரும். (பூந்தமல்லிக்காரர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டீங்க. உங்க தண்ணீர் கூவம், அடையாறு பக்கம் போகுது. அந்தக் கதை தனி.)

படிந்த சாம்பலை அள்ளிவிடலாமே என்றால், அதுவும் சும்மா இல்லை. அதில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் மாதிரியான உலோகங்கள் சிறு அளவில் இருக்கும். கண்டபடி கிளறினால் அடியில் கிடப்பது தண்ணீரில் கலந்துவிடும். அள்ளியதைக் கரையிலேயே கொட்டினால் அடுத்த மழையில் திரும்பி வரும். எங்கே, எந்தப் பருவத்தில், எவ்வளவு ஆழம் தோண்டுவது, தோண்டியதை எங்கே கொண்டுபோவது என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்துவிட்டு இறங்க வேண்டிய வேலை. இதற்கு நடுவில், மூடிய பழைய நிலையம் இருந்த பகுதியில் 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டத்துக்காக 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. வந்த மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் முதலில் கேட்பது, ஏற்கெனவே படிந்த சாம்பலை எப்போ எடுப்பீங்க என்பதைத்தான்.