உணவை மறுக்கும் பிள்ளை: பெற்றோருக்கு ஆய்வுகள் கூறும் விடை

“நாங்கள் எங்கே தவறு செய்தோம், டாக்டர்?”

அனோரெக்சியா நெர்வோசா எனும் உணவு மறுப்பு நோய் உறுதிசெய்யப்பட்டதும் பெற்றோர் எங்களிடம் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. மருந்து, செலவு, படிப்பு ஆகியவை பற்றிய வினாக்கள் பின்னரே வருகின்றன. இக்கேள்விக்கு ஆறுதல் மொழியை மட்டும் விடையாகக் கூறிவிட நாங்கள் விரும்பவில்லை. மருத்துவ ஆய்வுகளே இதற்கு விடை அளித்துள்ளன. அதனை இங்கே எளிமையாக எடுத்துரைக்கிறோம்.

இந்நோய்க்கு ஆளானவர் உடலுக்குத் தேவையான அளவு உண்ண மறுக்கிறார். எடை கூடிவிடுமோ என்ற அச்சம் பெரும்பாலோரை ஆட்டிப்படைக்கிறது. உடல் மெலிந்து அபாய நிலையை எட்டிய பின்னும் அந்த அபாயம் அவர்களுக்குப் புலப்படுவதில்லை. நோயின் பெயருக்குப் ‘பசியின்மை’ என்று பொருள் இருப்பினும், பலருக்குப் பசி இருக்கிறது. அதற்கு இணங்கத்தான் அஞ்சுகிறார்கள். இளம்பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இந்நோய் ஆண் பிள்ளைகளையும் விட்டுவைப்பதில்லை. மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றில் இதுவும் ஒன்று. எனவே, ‘வயதுக் கோளாறு, தானே சரியாகிவிடும்’ என்று காத்திருத்தல் கூடாது.

பழி எங்கிருந்து வந்தது?

லண்டன் மருத்துவர் சர் வில்லியம் கல், 1874-இல் வெளியான கட்டுரையில் இந்நோய்க்கு இப்பெயரைச் சூட்டினார். ஒழுங்கான இடைவெளியில் உணவளிக்க வேண்டும் என்ற அவரது அறிவுரை இன்றும் பொருந்துகிறது. ஆயினும், நோயாளியைக் கவனித்துக்கொள்ள உறவினர் ஏற்றவர்கள் அல்லர் என்றும் அவர் கருதினார். அக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது. பிள்ளையை வீட்டாரிடமிருந்து பிரித்து வைப்பது சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று. இருபதாம் நூற்றாண்டில், தாயின் வளர்ப்பு முறையில் நோய்க்குக் காரணம் தேடிய கோட்பாடுகளும் எழுந்தன. ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்’ என்று நம் வீடுகளில் உறவினர் கூறுவதும் அதே பழியின் வேறு வடிவமே.

இன்று கிடைத்துள்ள சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, இந்நோயோடு தொடர்புடைய எட்டு மரபணுப் பகுதிகளைக் கண்டறிந்தது. மனநலம் சார்ந்த கூறுகளோடு, உடலின் வளர்சிதை மாற்றம் சார்ந்த கூறுகளும் நோயில் பின்னியிருப்பதை அது உணர்த்தியது. மரபு மட்டுமே நோயை உண்டாக்கிவிடுவதில்லை. பல காரணங்கள் ஒன்றுகூடியே உண்டாக்குகின்றன. எனினும், பிள்ளையின் பிடிவாதமோ பெற்றோரின் வளர்ப்போ இதற்குக் காரணம் என்று கூறுவதற்கு அறிவியலில் இடமில்லை.

பட்டினி மனத்தை மாற்றும்

“முன்பெல்லாம் இப்படி இருந்ததே இல்லை, யாருடனும் பேசுவதில்லை, எதற்கெடுத்தாலும் கோபம்” என்று பெற்றோர் கூறுவதுண்டு. இதனைப் புரிந்துகொள்ள 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு உதவுகிறது. போரினால் பட்டினிக்கு ஆளான மக்களை மீட்கும் வழியறிய, உடலும் மனமும் நலமாயிருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தனர். ஆறு மாதம் அவர்களுக்கு உணவு பெரிதும் குறைக்கப்பட்டது.

அவர்களின் எண்ணமெல்லாம் உணவைச் சுற்றியே சுழன்றது. சமையல் நூல்களை ஆர்வத்துடன் படித்தனர். தட்டிலிருந்த சிறிதளவு உணவை நெடுநேரம் உண்டனர். நண்பர்களை விட்டு விலகினர். எரிச்சலும் மனச்சோர்வும் மிகுந்தன. மீண்டும் போதிய உணவு கிடைக்கத் தொடங்கிய பின்னரே, அதுவும் மெதுவாகவே, பழைய நிலைக்குத் திரும்பினர். உங்கள் பிள்ளையிடம் காணும் மாற்றங்களுள் பல, பட்டினியின் விளைவுகள். ஆகவேதான், ‘மனம் தேறட்டும், பிறகு உண்ணலாம்’ என்று நாங்கள் காத்திருப்பதில்லை. இந்நோய்க்கு முதல் மருந்து உணவே.

குடும்பம் சிகிச்சையின் துணையாயிற்று

பெரும் திருப்பம் லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அங்கு உண்ணல் கோளாறுகளுக்காகச் சிகிச்சை பெற்ற 80 பேரில், ஒரு பகுதியினருக்குக் குடும்பத்துடன் கூடிய சிகிச்சையும், மற்றோருக்குத் தனிநபர் ஆலோசனையும் அளித்து ஒப்பிட்டனர். 1987-இல் முடிவு வெளியாயிற்று. 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி, மூன்றாண்டுகளுக்கு உட்பட்டிருந்த நோயாளிகளுக்குக் குடும்பச் சிகிச்சையே மேலான பலன் தந்தது. ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அப்பலன் நீடித்தது.

அமெரிக்காவில் 121 வளரிளம் பருவத்தினரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு இதனை வலுப்படுத்தியது. சிகிச்சை முடிந்த நாளில் இரு முறைகளுக்கும் இடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஓராண்டு கழித்து, குடும்பச் சிகிச்சை பெற்றோரில் 49 விழுக்காட்டினரும், தனிநபர் சிகிச்சை பெற்றோரில் 23 விழுக்காட்டினரும் முழுமையாக நலம் பெற்றிருந்தனர். ஏறத்தாழ பாதிப் பேர் முழு நலம் பெறவில்லை என்பதையும் இதே எண்கள் கூறுகின்றன. அதை நாங்கள் மறைப்பதில்லை. ஓர் ஆண்டில் தேறாத பிள்ளைக்கு மேலும் உதவி தேவை என்பதே அதன் பொருள்.

இம்முறையில் மூன்று கட்டங்கள் உள்ளன. முதலில், எதை, எவ்வளவு, எப்போது உண்பது என்ற முடிவைப் பெற்றோர் ஏற்கின்றனர். எடை தேறத் தேற அப்பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்புகிறது. இறுதியில், படிப்பு, நட்பு, தன்னிச்சை முதலிய வயதுக்குரிய வாழ்க்கைக்கு வழி செய்யப்படுகிறது. நோயையும் பிள்ளையையும் வேறு வேறாகக் காண்பதே இம்முறைக்கு அடிப்படை. தட்டைத் தள்ளிவிடும்போது, ‘என் மகள் என்னை எதிர்க்கிறாள்’ என்று எண்ணாமல், ‘நோய் அவளை மிரட்டுகிறது’ என்று எண்ணிப் பாருங்கள். குரலில் கடுமை குறையும், உறுதி குறையாது.

மருந்துகள் என்ன செய்யும்?

மாத்திரை ஒன்று போதாதா என்று கேட்பது இயல்பே. எடை தேறிய 93 பெண்களிடம் மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்செட்டின் ஓராண்டு சோதிக்கப்பட்டது. நோய் திரும்புவதைத் தடுப்பதில் அது வெற்று மாத்திரையை விடச் சிறந்ததாக இல்லை என்று 2006-இல் தெரியவந்தது. 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வில் ஓலன்சபின் மருந்து 152 பேரிடம் சோதிக்கப்பட்டது; எடை சற்றுக் கூடுதலாக ஏறியது, உணவு பற்றிய எண்ணங்கள் மாறவில்லை. எனவே, சிலருக்கு மருந்து துணையாகலாம். உணவின் இடத்தை அது நிரப்பாது.

வயதுவந்தோருக்கான நிலையையும் கூற வேண்டும். ஜெர்மனியில் 242 பெண்களிடம் மூன்று உளச் சிகிச்சை முறைகளை ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. மூன்றிலும் எடை தேறியது. எடையைப் பொறுத்தவரை எதுவும் மற்றதை விஞ்சவில்லை. நெடுநாள் நோயுற்றிருப்போர் இதனால் சோர்வுற வேண்டாம். தமக்கு ஏற்ற முறையை மருத்துவருடன் கலந்து தேர்ந்து, அதில் தொடர்வதே முதன்மையானது.

ஓர் எச்சரிக்கை

மிகவும் மெலிந்தவருக்கு வீட்டில் திடீரென நிறைய உணவளித்தல் ஆபத்தானது. நெடுநாள் பட்டினிக்குப் பின் உணவு சேரும்போது இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவு சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். மருத்துவமனையில் அன்றாட இரத்தப் பரிசோதனையுடன் இதனைத் தடுக்க முடியும். கலிபோர்னியாவில் 12 முதல் 24 வயதுக்குட்பட்ட 120 பேரிடம் நடந்த ஆய்வில், கண்காணிப்புடன் தொடக்கத்திலேயே கூடுதல் உணவு பெற்றோர் மூன்று நாள் முன்னதாக உடல்நிலை சீரடைந்தனர், நான்கு நாள் முன்னதாக வீடு திரும்பினர், பாதிப்புகளும் மிகவில்லை. உணவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கண்காணிப்பின்றி விரைதலே தவறு.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கால் வீக்கம், நீர் அருந்தவும் மறுத்தல், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

இனி அந்த முதல் கேள்விக்கு வருவோம். நோயை நீங்கள் உண்டாக்கவில்லை. ஆனால் அதை வெல்வதில், குறிப்பாக இளம்வயதினருக்கு, எங்கள் மருந்துச் சீட்டை விட உங்கள் வீட்டு உணவு வேளை பெரும் பங்கு வகிக்கிறது. ஒரு வேளை தோற்றாலும் அடுத்த வேளை இருக்கிறது. குற்ற உணர்வைச் சுமந்தபடி அங்கே அமராதீர்கள். அந்த ஆற்றல் உங்கள் பிள்ளைக்குத் தேவைப்படுகிறது.