தீயில்லாமல் எரியும் நாக்கு

ஆவக்காயைக் கொஞ்சம் தாராளமாகப் பிசைந்துவிட்டவர் முதலில் தேடுவது தண்ணீரை. இரண்டு டம்ளர் உள்ளே போன பிறகும் எரிச்சல் அடங்குவதில்லை. அடங்காததில் வியப்பில்லை. காரத்துக்குக் காரணமான காப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பாலிலும் தயிரிலும் இருக்கும் கேசின் என்ற புரதம் அதைப் பிடித்து இழுத்துச் சென்றுவிடும். சாப்பாட்டின் முடிவில் தயிர்சாதம் வைத்தவர்களுக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

அறுசுவையில் இடம் பிடித்திருந்தாலும், விஞ்ஞானத்தின் கணக்கில் காரம் சுவையே அல்ல, வலி. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் நாக்கின் சில நரம்பு நுனிகள் மூளைக்கு அபாயச் செய்தி அனுப்பும். காப்சைசின் அதே நுனிகளில் ஒட்டிக்கொண்டு, சூடே இல்லாதபோதும் அதே செய்தியை அனுப்ப வைக்கிறது. வாய் வேகிறது என்று நம்பும் மூளை, உடம்பைக் குளிர்விக்க வியர்வையைக் கொட்டுகிறது, மூக்கும் ஒழுகுகிறது. இந்த நரம்புக் கதவை 1997-ல் அடையாளம் கண்டது அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு. 2021-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர்.

கிளி மட்டும் எப்படி மிளகாய்ப் பழத்தை அலட்டிக்கொள்ளாமல் கொத்துகிறது? பறவைகளின் நரம்புக் கதவு காப்சைசினுக்குத் திறப்பதில்லை. இதில் செடிக்கு லாபம் உண்டு. பாலூட்டிகள் விதையை மென்று பாழாக்கும். பறவைகள் முழுசாக விழுங்கி, தூரத்தில் எச்சத்தோடு போட்டுவிடும். தனக்கு உதவாத விருந்தாளியைத்தான் செடி விரட்டுகிறது. அசாமில் யானை வராமலிருக்க வேலிக் கயிற்றில் மிளகாய்க் கலவை பூசும் விவசாயிகளும் இதே வித்தையைத்தான் கையாள்கிறார்கள். (காரம் விதையில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது உருவாவது விதையைத் தாங்கும் வெள்ளைச் சதையில்.)

இத்தனைக்கும் மிளகாய் இந்த மண்ணுக்குச் சொந்தமல்ல. தென் அமெரிக்காவில் தோன்றி, 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்களின் கப்பலில் வந்து இறங்கியது. அதற்கு முன் காரத்துக்கு நம்பியிருந்தது மிளகைத்தான். வந்த காய்க்குப் பெயரும் மிளகிலிருந்தே கிடைத்தது.

எரிப்பதே வலியைப் போக்கவும் செய்கிறது என்பதுதான் விசித்திரம். காப்சைசின் அதிக அளவில் பட்டால் அந்த நரம்பு நுனிகள் சோர்ந்து, சில மாதங்களுக்குச் செய்தி அனுப்புவதையே நிறுத்திவிடுகின்றன. அக்கி குணமான பிறகும் விடாத நரம்பு வலிக்கு 8 சதவீத காப்சைசின் பட்டையை 2009-ல் அமெரிக்கா அனுமதித்தது. 2020-ல் நீரிழிவு நோயாளிகளின் பாத வலிக்கும் அனுமதி கிடைத்தது. பாத எரிச்சலால் இரவெல்லாம் தூங்காமல் தவிப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பாதத்தில் அரை மணி நேரம் ஒட்டி எடுத்தால் போதும்; தேவைப்பட்டால் மூன்று மாதம் கழித்து இன்னொன்று. கையுறை இல்லாமல் நர்ஸ் அதைத் தொடக்கூடாது. ஒட்டுவதற்கு முன் தோலை மரக்கச் செய்யவும் மருந்து தடவுகிறார்கள்.