ஒரு துளி கராம்பெண்ணெய்

பன்வில பக்கத்து வீட்டுத்தோட்டங்களில் மிளகுக்கொடி, கராம்பு, சாதிக்காய் எல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி நிற்பதை நாம் அறிவோம். மேலே நக்கிள்ஸ் காட்டு நிழலில் ஏலம் வளர்த்த குடும்பங்களும் உண்டு. 2000ஆம் ஆண்டில் அக்காடு பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பின் அங்கே ஏலம் வளர்க்கத் தடை வந்தது.

மண்ணை விட்டு வந்தவருக்கு அம்மண்ணை நினைவூட்ட ஒரு வாசனை போதும். மணத்தை உணரும் நரம்பு, நினைவையும் அச்சத்தையும் ஆளும் மூளைப் பகுதிகளோடு நெருங்கிய தொடர்புள்ளது. எனவே நல்ல மணம் மனதைச் சற்று ஆற்றும். சிலரை அழவும் வைக்கும். அப்படியானால் அந்த மணத்தை அவர்களிடமிருந்து விலக்கிவிடுவதே நன்று.

'அரோமாதெரபி' என்ற சொல்லைத் தலைப்பாக்கி பிரெஞ்சு இரசாயனவியலாளர் கத்தபோசே 1937இல் ஒரு நூல் வெளியிட்டார். பெயர்தான் புதிது, வேது பிடிப்பது எமது பாட்டிமாருக்குப் பழக்கமான காரியம்.

இலையினூடாக நீராவியைச் செலுத்திக் குளிரவைத்தால் எண்ணெய் பிரியும். பெங்கிரி எண்ணெய் நீரில் மிதக்கும். கராம்பெண்ணெயும் கறுவா இலை எண்ணெயும் அடியில் தங்கும். ஒரு குவியல் இலையின் காரம் ஒரு சிறு போத்தலுக்குள் அடங்குகிறது என்பதை மறக்கலாகாது.

ஆகவே தனி எண்ணெயைத் தோலில் பூசக்கூடாது. இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஆறு துளி கலந்து, முதலில் முன்கையில் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். எரிச்சல் இல்லையெனில் இரவில் முதியவரின் கால்களைத் தேய்த்துவிடலாம். அதில் பாதிச் சுகம் எண்ணெயால் அல்ல, கையால் வருவது! பல்வலிக்குக் கராம்பெண்ணெய் தொட்ட பஞ்சு வலியை மரக்கச் செய்யும், சொத்தையைக் குணமாக்காது. பெங்கிரி எண்ணெய் நுளம்பைச் சிறிது நேரமே விரட்டும். வலையைக் கைவிட வேண்டாம்.

இவற்றை ஒருபோதும் குடிக்கக் கொடுக்கக்கூடாது. ஒரே அறையில் பலர் வாழுமிடத்தில் போத்தல் பிள்ளைகளின் கைக்கு எட்டுவது எளிது. யூக்கலிப்டஸ் தைலம் ஒரு தேக்கரண்டியளவு உள்ளே போனாலே சிறுபிள்ளைக்கு வலிப்பு வரலாம். வாந்தியெடுக்க வைக்காமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கைக்குழந்தையின் மூக்கருகே எந்தத் தைலமும் பூச வேண்டாம். வேது பிடிக்கும் பாத்திரத்தைத் தரையில் வையுங்கள். பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

வாரக்கணக்கில் உறக்கமின்றித் தவிப்பவருக்கு எண்ணெய் மருந்தாகாது, வைத்தியரிடம் காட்டவேண்டும். 'சர்வரோக நிவாரணி' என்று விற்கப்படும் விலையுயர்ந்த போத்தலுக்காக அரிசிக் காசைச் செலவிடுவது வீண்.

கையகல நிலமிருந்தால் எலுமிச்சம்புல்லின் ஒரு தூரைப் பிரித்து நடுங்கள். அதன் இரண்டு தாளைக் கொதிநீரிலிட்டு மாலையில் குடிக்கலாம். கராம்பு, மிளகுக் கன்றுகள் பற்றி ஏற்றுமதி விவசாயத் திணைக்கள உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். அதன் தலைமையகம் பேராதனையில் உள்ளது.