பாரிஸ் பயணம்: திட்டமிடுவது எப்படி?

பாரிஸ் மாநகரின் புகழோடு ஒப்பிட்டால் அதன் பரப்பு சிறியது. புறநகர்களை விட்டுவிட்டால் நகர எல்லை சுமார் 105 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 20 லட்சத்துக்குச் சற்று அதிகம். சென் நதி நகரின் நடுவே வளைந்து ஓடுகிறது. அதற்கு வடக்கே உள்ள பகுதியை வலக்கரை என்றும், தெற்கே உள்ளதை இடக்கரை என்றும் சொல்கிறார்கள். 1860 முதல் நகரம் 20 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. லூவ்ரு அரண்மனை இருக்கும் இடம் முதல் வட்டாரம். அங்கிருந்து நத்தை ஓட்டின் சுருளைப் போல வலமாகச் சுற்றியபடி எண்கள் வெளியே போகின்றன. அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கங்களே வட்டார எண். 75005 என்றால் ஐந்தாம் வட்டாரம், 75018 என்றால் பதினெட்டாம் வட்டாரம். விடுதியின் முகவரியைப் பார்த்ததும் அது ஊரின் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

ஊர் சிறியது, பார்க்க வேண்டியவை அதிகம், அவற்றைப் பார்க்க வரும் கூட்டமோ அதைவிட அதிகம். முக்கியமான இடங்கள் பலவற்றுக்கும் நேரம் குறித்த நுழைவுச்சீட்டு வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. எனவே எந்த இடத்துக்கு எந்தக் கிழமையில் போவது என்று முடிவு செய்வதுதான் பாரிஸ் பயணத் திட்டத்தின் முக்கால் பங்கு வேலை.

எப்போது போகலாம்?

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரையும், செப்டம்பர் முதல் அக்டோபர் பாதி வரையும் நல்ல காலம். குளிரும் வெயிலும் அளவோடு இருக்கும். ஜூனில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். சுற்றிப் பார்க்கப் பகல் நிறையக் கிடைக்கும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஆகஸ்டில் பாரிஸ்காரர்கள் பலர் விடுமுறைக்கு வெளியூர் போய்விடுவதால் சிறு கடைகளும் உணவகங்களும் மூடிக் கிடக்கும். கோடையில் வெப்ப அலைகளும் வருகின்றன. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. பழைய கட்டடங்கள் பலவற்றில் ஏ.சி. கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் அறையை முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மே 1 அன்று ஊரே ஓய்வெடுக்கும். லூவ்ரு உட்படப் பல இடங்கள் திறக்காது.

விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. இந்த ஒரே விசாவில் 29 ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாம். எந்த 180 நாள் காலத்திலும் மொத்தம் 90 நாள் வரை தங்கலாம். பல நாடுகளுக்குப் போவதானால், அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரான்ஸுக்கான விண்ணப்பங்களை இந்தியாவில் வி.எஃப்.எஸ். மையங்கள் பெறுகின்றன, சென்னையிலும் மையம் உண்டு. 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் ஆகும். சிலருக்கு 45 நாள்கூட ஆகலாம். கோடை விடுமுறைக் காலத்தில் மையத்தில் நேரம் கிடைப்பதே கடினம் என்பதால் இரண்டு, மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். அதில் இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். 2025 அக்டோபர் முதல் ஐரோப்பிய எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு முறை படிப்படியாக வந்திருக்கிறது. விமான நிலையத்தில் வரிசை நீளலாம்.

தங்குமிடம்

முதல் ஏழு வட்டாரங்கள் ஊரின் நடுப்பகுதி, வாடகை அதிகம். 9 முதல் 12 வரை உள்ள வட்டாரங்களில் கொஞ்சம் குறையும். மெட்ரோ பக்கத்திலேயே இருப்பதால் நேரமும் வீணாகாது. விலை மலிவு என்று நகர எல்லைக்கு வெளியே வெகுதூரத்தில் அறை எடுத்தால், மிச்சமாகும் பணம் தினமும் பயண நேரமாகக் கரைந்துவிடும். பாரிஸ் விடுதி அறைகள் பொதுவாகச் சிறியவை. பழைய கட்டடங்களில் லிப்ட் இருக்காது, இருந்தாலும் ஒரு பெட்டியும் ஒரு ஆளும்தான் அடங்கும். தரைத்தளத்துக்கு எண் பூஜ்யம். முதல் மாடி என்பது அதற்கு மேலே உள்ளது. அறை வாடகையோடு தலைக்கு இத்தனை என்று இரவுதோறும் சுற்றுலா வரியும் சேரும்.

ஊருக்குள் போக்குவரத்து

பாரிஸ் மெட்ரோவின் முதல் தடம் 1900 ஜூலை 19 அன்று திறக்கப்பட்டது. இன்று 16 தடங்களும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களும் உள்ளன. நகருக்குள் எங்கே நின்றாலும் ஒரு நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கும். புறநகருக்கும் விமான நிலையத்துக்கும் போவது ஆர்.இ.ஆர். ரயில். சார்லஸ் டி கால் விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். ‘பி’ தடத்திலும், ஓர்லி விமான நிலையத்திலிருந்து மெட்ரோ 14ஆம் தடத்திலும் நேராக ஊருக்குள் வரலாம். டாக்ஸியில் வந்தால் விமான நிலையத்துக்கும் நகருக்கும் இடையே அரசு விதித்த நிலையான கட்டணம்தான். முனையத்துக்குள் வந்து கையைப் பிடித்து அழைக்கும் ஆட்களோடு போகக் கூடாது. வெளியே உள்ள டாக்ஸி வரிசையில்தான் ஏற வேண்டும்.

2025 ஜனவரியில் கட்டண முறை எளிதானது. எவ்வளவு தூரம் போனாலும் ரயிலுக்கு ஒரே கட்டணம், பேருந்துக்கும் டிராமுக்கும் ஒரே கட்டணம். அந்த ஆண்டில் அவை முறையே 2.50 யூரோ, 2 யூரோ. விமான நிலையப் பயணச்சீட்டு மட்டும் 13 யூரோ. பிறகு இவை சிறிதளவு கூடியுள்ளன. இரண்டு யூரோ கொடுத்து ‘நவிகோ ஈசி’ அட்டை வாங்கி, அதில் பயணங்களை ஏற்றிக்கொள்ளலாம். ஒரே அட்டையில் இருவர் போக முடியாது. ஆளுக்கொரு அட்டை வேண்டும். வாரப் பயண அட்டை விமான நிலையப் பயணத்துக்கும் செல்லும். ஆனால் அது வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் அல்ல. திங்கள் முதல் ஞாயிறு வரை. திங்களோ செவ்வாயோ வந்து இறங்குபவருக்கு லாபம், வெள்ளிக்கிழமை வருபவருக்கு நஷ்டம். சில பழைய மெட்ரோ பெட்டிகளில் கதவு தானாகத் திறக்காது. கதவில் உள்ள கைப்பிடியை மேலே தூக்க வேண்டும், அல்லது பொத்தானை அழுத்த வேண்டும். வெளியேறும்வரை பயணச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பரிசோதகரிடம் காட்டாவிட்டால் அங்கேயே அபராதம்.

முன்பதிவும் விடுமுறை நாளும்

முதலில் பதிவு செய்ய வேண்டியது ஈஃபில் கோபுரம். 1889 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய இந்த இரும்புக் கோபுரத்தின் இன்றைய உயரம் 330 மீட்டர். லிப்டுக்கான சீட்டுகள் 60 நாள் முன்னதாக அதிகாரபூர்வ இணையதளத்தில் விற்பனைக்கு வரும். சுற்றுலாக் காலத்தில் வேகமாகத் தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் 674 படிகள் ஏறி இரண்டாம் தளம் வரை போகலாம், கட்டணமும் குறைவு. இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் மின்னும். ஜூனில் அதைப் பார்க்க இரவு பத்து மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

லூவ்ரு செவ்வாய்க்கிழமை திறக்காது; புதன், வெள்ளிகளில் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். ஒர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. ஒர்சே வியாழன்தோறும் இரவு 9.45 வரை உண்டு. லூவ்ரு மூடியிருப்பதால் செவ்வாயன்று ஒர்சேயிலும் வெர்சாயிலும் கூட்டம் பொங்கும். அவற்றை வேறு கிழமைக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நவீனக் கலைக்குப் பெயர்பெற்ற பொம்பிடு மையம் பழுதுபார்ப்புக்காக 2025இல் மூடப்பட்டது. 2030இல்தான் திறக்கும் திட்டம்.

லூவ்ருவை ஒரே நாளில் முழுதும் பார்க்க முடியாது. மூன்று பிரிவுகளில் ஒன்றையோ, பத்துப் பன்னிரண்டு படைப்புகளையோ தேர்ந்துகொண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும். மோனா லிசா 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய ஓவியம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அதைப் பார்க்கக் கூட்டம் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நிற்கும். அதே கூடத்தில் எதிர்ச் சுவரில் வெரோனேசே தீட்டிய ‘கானா ஊர்க் கல்யாணம்’ இருக்கிறது. பத்து மீட்டர் அகலத்தைத் தொடும் அந்த ஓவியத்துக்குப் பெரும்பாலோர் முதுகைக் காட்டியபடி நிற்பார்கள். திரும்பிப் பார்ப்பவருக்கு இடைஞ்சல் இல்லாமல் பார்க்கக் கிடைக்கும்.

2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்த நோத்ர தாம் தேவாலயம், 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை; சீட்டு என்று யாராவது விற்றால் அது மோசடி. கோபுரங்களில் ஏறுவதற்கு மட்டும் தனிச் சீட்டு உண்டு. பக்கத்திலேயே 13ஆம் நூற்றாண்டின் சேன்ட் ஷப்பேல் சிற்றாலயம். அதன் 15 பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் 1,113 விவிலியக் காட்சிகள் உள்ளன. வெயில் அடிக்கும் நாளில் பார்த்தால்தான் அவற்றின் நிறம் தெரியும்.

அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, எந்த நாட்டவரானாலும், அனுமதி இலவசம். பெத்தி பலே, பாரிஸ் நகரின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே ஆகிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆசியக் கலைகளுக்கான கிமே அருங்காட்சியகத்தில் சோழர் கால நடராசர் செப்புத் திருமேனி இருக்கிறது. அதற்கும் செவ்வாய் விடுமுறை.

நான்கு நாள் திட்டம்

ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். முதல் நாள் நதியின் நடுவிலுள்ள சித்தே தீவு: நோத்ர தாம், சேன்ட் ஷப்பேல், பிறகு பாலம் கடந்து இடக்கரையின் லத்தீன் குடியிருப்பு. இரண்டாம் நாள் லூவ்ரு, அதிலிருந்து துய்லரி பூங்கா வழியாக நடந்து ஷான்செலிசே சாலை, அதன் முடிவில் வெற்றி வளைவு. மூன்றாம் நாள் காலை ஒர்சே, மாலை ஈஃபில், இரவு படகுச் சவாரி. நான்காம் நாள் வெர்சாய், அல்லது மோன்மார்த் குன்றும் அதன்மேல் உள்ள சக்ரே கேர் பேராலயமும். வந்து இறங்கும் நாளில் பெரிய சீட்டு எதையும் பதிவு செய்யாமல் விடுவது நல்லது. விமானம் தாமதமானால் பணம் போய்விடும்.

சாப்பாடு

மதியச் சாப்பாடு பன்னிரண்டு முதல் இரண்டு வரை, இரவுச் சாப்பாடு ஏழரைக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் பல உணவகங்களின் அடுப்பு அணைந்திருக்கும். மதியத்தில் கரும்பலகையில் எழுதியிருக்கும் அன்றைய சாப்பாடு, அதே உணவகத்தின் இரவுச் சாப்பாட்டைவிட மலிவு. தண்ணீர் என்று மட்டும் கேட்டால் விலையுள்ள பாட்டில் வரலாம். ‘கராஃப் தோ’ என்றால் குழாய்த் தண்ணீர் குடுவையில் இலவசமாக வரும். பரிமாறும் கட்டணம் விலையிலேயே அடங்கும்; டிப்ஸ் கட்டாயமில்லை. கடைக்குள் நுழைந்ததும் ‘பொன்ஷூர்’ என்று வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகே ஈழத் தமிழர்கள் ‘லாச்சப்பல்’ என்று அழைக்கும் கடைத்தெரு இருக்கிறது. இடியப்பம், தோசை, கொத்து ரொட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். அதே பகுதியில் 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ பாரிஸ் வீதிகளில் வலம் வரும்.

பணமும் பாதுகாப்பும்

பெரும்பாலான இடங்களில் அட்டை செல்லும். சில்லறைச் செலவுக்குக் கொஞ்சம் யூரோ போதும். 2024 முதல் ஈஃபில் கோபுரச் சீட்டுக்கு யு.பி.ஐ. மூலமும் பணம் கட்டலாம். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் வரியின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே கடையில் படிவம் கேட்டு, புறப்படும் நாளில் விமான நிலைய இயந்திரத்தில் அதை உறுதிப்படுத்த வேண்டும். இந்திய மூன்று முனை பிளக் அங்கே பொருந்தாது; உருண்டை முனை இரண்டு உள்ள பிளக் பொருந்தும்.

வன்முறையைவிட ஜேப்படிதான் பாரிஸில் பெரிய தொல்லை. மெட்ரோ முதல் தடம், ஆர்.இ.ஆர். ‘பி’, ஈஃபில் கோபுரத்தடி, மோன்மார்த் படிக்கட்டு ஆகியவை பேர்போன இடங்கள். கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுபவர், மணிக்கட்டில் கயிறு கட்ட வருபவர், கீழே கிடந்த மோதிரம் உங்களுடையதா என்று கேட்பவர் என யாரானாலும் நிற்காமல் நடந்துவிட வேண்டும். கடவுச்சீட்டின் நகலைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. ஐரோப்பா முழுவதற்கும் அவசர எண் 112. வேலைநிறுத்த நாட்களில் ரயில்கள் குறையும். ஊர் திரும்பும் நாளுக்கு முந்தின நாளே நிலவரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதம் முன்பு விசா வேலை, அறுபது நாள் முன்பு ஈஃபில், அதன் பிறகு லூவ்ருவும் வெர்சாயும். இந்த வரிசை தவறாமல் இருந்தால் மற்றவற்றை ஊருக்குப் போன பிறகே முடிவு செய்துகொள்ளலாம்.