பாலர் பள்ளியில் சேர்க்கும் முன் படிக்கட்டைப் பாருங்கள்

சொந்த ஊரில் என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இருப்பாள், அத்தை இருப்பாள், யாரும் இல்லாவிட்டால் எதிர்வீட்டு அம்மாளாவது இருப்பாள். கடல் கடந்து அந்தமானுக்குப் பிழைக்க வந்த நம்மில் பலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கணவன் துறைமுகத்திலோ பொதுப்பணித் துறையிலோ மஸ்தூர் வேலைக்குப் போகிறான். மனைவி கடையிலோ ஆபீசிலோ நாலு காசு சம்பாதிக்கிறாள். மூன்று வயது நிறைந்தும் நிறையாத குழந்தையைக் காலையில் யாரிடமாவது ஒப்படைத்தே ஆகவேண்டும். ஆகவே, ஜங்லிகாட் ஆனாலும் பாம்பூ பிளாட் ஆனாலும் நம்மவர்களுக்குப் பாலர் பள்ளி என்பது படிப்புக்காக மட்டுமல்ல, பிழைப்புக்காகவும்தான்.

அவசரத்தில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு நின்றுவிடுகிறார்கள். மாதம் எவ்வளவு? இங்கிலீஷ் சொல்லித் தருவார்களா? வீட்டுக்குப் பக்கமா? மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காலையில் போன பிள்ளை போனபடியே திரும்பி வருமா? இந்தக் கேள்விக்குப் பதில் விளம்பரப் பலகையில் இருக்காது. நாமே போய்க் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே ஆண்டில் இரண்டு பாடங்கள்

2004-ம் ஆண்டைத் தமிழர்கள் மறக்க முடியாது. அவ்வாண்டு ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் ஸ்ரீ கிருஷ்ணா பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டனர். சமையல் கொட்டகையில் பற்றிய நெருப்பு, மாடியில் கீற்று வேய்ந்திருந்த வகுப்பறைக்குத் தாவியது. எரிந்த கூரை பிள்ளைகளின் தலைமேல் சரிந்தது. இறங்கி ஓடப் படிக்கட்டு குறுகலாக இருந்தது. ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்து வந்தன.

இவற்றில் எதுவும் ரகசியமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கூரையும் கண்ணுக்குத் தெரிந்தது, படியும் தெரிந்தது. அந்தப் பெற்றோர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பார்த்துத் தடுத்திருக்க வேண்டியவர்கள் பள்ளியை நடத்தியவர்களும் அனுமதி கொடுத்த அதிகாரிகளும்தான். ஆனால், அதிகாரி பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட முடியாது என்பதற்கு அந்தத் துயரமே சாட்சி. வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் 2014 ஜூலை 30. இடையில் பத்து ஆண்டுகள் போயின. தீர்ப்பு எதுவானாலும் பிள்ளை திரும்பி வரப்போவதில்லை.

அதே 2004-ல் டிசம்பர் 26, இரண்டாவது பாடம். காலை 6 மணி 29 நிமிடத்துக்குப் பூமி அதிர்ந்தது. கார் நிகோபாரில் சில நிமிடங்களிலும், அன்று போர்ட் பிளேர் என்ற பெயரோடு இருந்த நமது ஸ்ரீ விஜயபுரத்தில் ஒரு மணி நேரத்துக்குள்ளும் கடல் உள்ளே வந்தது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியேறிய கச்சால் தீவும் அழிவிலிருந்து தப்பவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிகள் பூட்டியிருந்தன, குழந்தைகள் தாய் தந்தையரோடு இருந்தார்கள். அதே அதிர்ச்சி ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்திருந்தால்? இத்தீவுகளில் பிள்ளையைப் பள்ளியில் விடும் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

முதலில் வெளியேறும் வழி

பள்ளியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். ஆண்டு விழா அன்றும் போகாதீர்கள். வகுப்பு நடக்கிற சாதாரண நாளில், காலை பதினொரு மணி சுமாருக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் சுவரில் வரைந்த யானையையும் மயிலையும் பார்ப்பதற்கு முன், வெளியே போக எத்தனை வழி என்று பாருங்கள். ஒரே ஒரு கதவு, அதுவும் உள்பக்கம் பூட்டு, ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கிரில் என்றால் அந்த அறை குழந்தைகளுக்கு ஏற்றதல்ல.

மரப்பலகைச் சுவரும் தகரக் கூரையுமான வீடுகள் இங்கே சகஜம். அவற்றில் பாலர் பள்ளி நடத்துவது தவறில்லை. ஆனால் மரம் எரியும் என்பதை மறக்கக் கூடாது. சமையல் எங்கே நடக்கிறது? காஸ் சிலிண்டர் வகுப்பறைக்கு எவ்வளவு தூரம்? உப்புக்காற்றில் சுவிட்ச் பெட்டிகள் துருப்பிடித்திருக்கின்றனவா? தொங்குகிற வயர் உண்டா? தீயணைப்புக் கருவி இருந்தால், அதை இயக்கத் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2009 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. கும்பகோணம் தீயை ஒட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் பிறந்த உத்தரவு அது. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. மூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் தரைத்தளமே உத்தமம். மாடி வேண்டாம்.

மேடு எங்கே, கடல் எங்கே?

நிலநடுக்க வரைபடத்தில் அந்தமான் நிகோபார் முழுவதும் மிகக் கடுமையான மண்டலத்தில் இருக்கிறது. நிலம் அதிரும்போது கட்டடத்தை விட முதலில் விழுவது உள்ளே இருக்கும் சாமான்கள்தான். பீரோ, புத்தக அலமாரி, தண்ணீர் வடிகட்டி, டி.வி. ஆகியவை சுவரோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கின்றனவா? பள்ளிக்குப் பின்னால் மண்மேடும் தடுப்புச் சுவரும் இருந்தால், சுவரில் வெடிப்பு, புடைப்பு, நீர்க்கசிவு உண்டா? இத்தனை மழை பெய்யும் ஊரில் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

வெளியே ஓடினால் மட்டும் போதாது. எங்கே ஓடுவது என்பதும் முக்கியம். 2001 ஜனவரி 26-ல் குஜராத் நிலநடுக்கத்தின்போது, அஞ்சார் நகரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் குறுகிய சந்தில் சிக்கினார்கள். இருபுறமும் இருந்த கட்டடங்கள் அவர்கள்மேல் சரிந்தன. ஆகவே, பிள்ளைகளைக் கூட்டி நிறுத்தத் திறந்த வெளி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கடலோரப் பள்ளியானால் ஏற வேண்டிய மேடு எது, நடந்தால் எத்தனை நிமிடம் என்றும் கேளுங்கள். ஐதராபாத்திலுள்ள எச்சரிக்கை மையம் 2007 முதல் சுனாமி அறிவிப்புத் தருகிறது. ஆயினும் நிலம் பலமாகவும் நெடுநேரமும் ஆடினால் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏறுவதே விதி.

கடைசியாக ஒன்று: ‘டெலிபோன் வேலை செய்யாவிட்டால் என் பிள்ளையை எந்த இடத்தில் வந்து தேடுவேன்?’ இதற்கு நேரான பதில் சொல்லத் தெரிந்த பள்ளி, யோசித்து நடத்தப்படுகிற பள்ளி என்று நம்பலாம்.

தண்ணீர் டிரம்முக்கு மூடி உண்டா?

குழாய்த் தண்ணீர் தினமும் வராத இடங்களில் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைப்பது நம் வழக்கம். தலைகுப்புற விழுந்த சின்னக் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரே எமனாகிவிடும்; சத்தம்கூட வராது. ஆகவே டிரம், கீழ்த்தொட்டி, செப்டிக் டாங்க் மூன்றுக்கும் கனமான மூடி வேண்டும். கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம் பிள்ளையின் கைக்கு எட்டும் தாழ்ப்பாள் இருக்கக் கூடாது. பக்கத்தில் திறந்த சாக்கடையோ ஓடையோ இருந்தால் வேலி வேண்டும். நமது உப்பங்கழிகளில் முதலை உண்டு என்பதை ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சித் தருகிறார்களா, தேங்கிய நீரில் கொசுப்புழு நெளிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

தனியார் பாலர் பள்ளிகளுக்காகத் தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு விதிகள் வகுத்திருக்கிறது. 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியையும் ஓர் ஆயாவும் வேண்டும்; ஊழியர்களைப் பற்றிப் போலீஸ் விசாரணை செய்திருக்க வேண்டும்; அடி உதை கூடாது என்பவை அவற்றில் சில. நீங்கள் போகும் நாளில் தலைகளை எண்ணுங்கள். பிள்ளை எத்தனை, பெரியவர் எத்தனை? கையில் பிரம்பு இருக்கிறதா? கக்கூசுக்குப் பிள்ளையை அழைத்துப் போவது யார்? வெளியாட்கள் கேட்பாரின்றி உள்ளே வருகிறார்களா?

சேர்த்த பிறகும் கவனம் வேண்டும். நேற்றுவரை சிரித்துக்கொண்டு போன குழந்தை திடீரென்று ஒருவரைக் கண்டு மிரண்டால், படுக்கையை நனைத்தால், ‘பிடிவாதம்’ என்று அதட்டாமல் மடியில் வைத்து மெதுவாகக் கேளுங்கள். குழந்தையிடம் யாராவது தகாதபடி நடந்ததாகத் தெரிந்தால் அதை மறைக்காமல் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ம் ஆண்டுப் போக்சோ சட்டம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

போக்கும் வரத்தும்

2012 ஜூலை 25-ல் சென்னையை அடுத்த தாம்பரம் பக்கம், பள்ளி பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். பஸ் ஆனாலும் ஆட்டோ ஆனாலும் ஒருமுறை நீங்களே ஏறி உட்கார்ந்து பாருங்கள். தரை, கதவு, பிரேக், ஏற்றும் தலைகளின் எண்ணிக்கை எல்லாம் தெரிந்துவிடும். சாத்தாமிலிருந்து பாம்பூ பிளாட் போவதுபோல் படகில் போக வேண்டிய பிள்ளையென்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பிள்ளையை அழைத்துப் போக யார் யார் வரலாம் என்று பெயர் எழுதிக் கொடுங்கள். ‘மாமா’ என்று சொல்லி வருகிறவர்களிடமெல்லாம் குழந்தையைக் கொடுத்தனுப்புகிற பள்ளியில் சேர்க்காதீர்கள்.

எப்படிக் கேட்பது?

“அண்ணே, பீஸ் கட்டியாச்சு. இனிமே என்னத்தப் போயி கேக்கறது? நம்மள மதிப்பாங்களா?” என்றார் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர். நம்மில் பலருடைய தயக்கமும் இதுதான். ஆபீசில் அதிகாரிக்கு முன்னால் நின்று பழகிய கால்கள், பள்ளி வாசலிலும் அப்படியே நின்றுவிடுகின்றன. ஆனால் அவர் வேறு யாரையும் விட நன்றாகப் பார்க்கக்கூடியவர். பழுதான வயரை அவர் கண் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடும். கொத்தனாருக்குச் சுவரின் வெடிப்புத் தெரியும். டிரைவருக்கு வண்டி தெரியும். குமாஸ்தாவுக்கு அனுமதிக் காகிதத்தைப் படிக்கத் தெரியும். நாலைந்து பெற்றோர் சேர்ந்து போனால் அதுவே ஒரு பரிசோதனைக் குழு.

பக்கத்தில் இருப்பதே ஒரு பள்ளிதான், வேறு வழியில்லை என்பவர்களும் உண்டு. அவர்கள் குறைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். டிரம் மூடி, அலமாரிக்கு ஆணி, சிலிண்டரை வெளியே மாற்றுதல், கதவுப் பூட்டை நீக்குதல் போன்றவை சில நூறு ரூபாயிலோ காசே இல்லாமலோ சரியாகிவிடும். நயமாகச் சொன்னால் பெரும்பாலோர் செய்வார்கள். வேண்டுமானால் நாமே ஒரு ஞாயிறு போய்ச் செய்து கொடுக்கலாம். அங்கன்வாடிக்கும் இதுவே பொருந்தும். 1975 முதல் நாடெங்கும் நடந்துவரும் அத்திட்டம் இலவசம் என்பதால் கேட்கும் உரிமை குறைந்துவிடாது.

ஆனால் ஒரே வழியுள்ள மாடி அறை, பிள்ளையை அடிக்கும் கை, பெற்றோரை உள்ளே விட மறுக்கும் கதவு ஆகிய மூன்றும் வேறு ரகம். இவற்றுக்கு ஆணியும் மூடியும் பரிகாரமல்ல. அங்கே பணம் கட்டியிருந்தாலும் பணம் போகட்டும் என்று பிள்ளையை அழைத்து வந்துவிட வேண்டும். ஒரு மாதம் ஷிப்டு மாற்றிக்கொண்டோ, அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பம் முறைவைத்துப் பார்த்துக்கொண்டோ சமாளிக்கலாம்.

ஒரு கிலோ மீன் வாங்கினால்கூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பிள்ளையை விடப்போகும் இடத்தை ஒரு மணி நேரம் பார்ப்பதற்கு யாரும் நம்மைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால், அதுவே நமக்குக் கிடைத்த பதில்.