உடப்புசல்லாவை லயன்களுக்கு இணையம் எட்டுவது எப்போது?

இணையம் என்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்குச் சாதனம் என்று கருதப்பட்ட காலம் எப்போதோ மலையேறிவிட்டது. பரீட்சைப் பெறுபேற்றை அறிதல், பல்கலைக்கழக விண்ணப்பம், வங்கிக் கொடுக்கல் வாங்கல், அஸ்வெசும போன்ற நலன்புரித் திட்டங்களுக்கான பதிவு, வெளிநாட்டில் பணிபுரியும் தாயுடன் பிள்ளைகள் பேசுதல் என யாவும் இன்று இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. எனவே ஒரு வீட்டில் இணைய இணைப்பு இல்லை என்பதன் பொருள், அவ்வீட்டார் கல்விக்கும் தொழிலுக்கும் அரச சேவைக்கும் பிறரைவிட அதிகமாக அலைய வேண்டியிருக்கிறது என்பதே ஆகும். இந்த அலைச்சல் நாட்டில் எங்கு மிகுதி என்று கேட்டால், பெருந்தோட்டப் பகுதி என்றே நாம் விடை கூற வேண்டியிருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை ஊடாகச் செல்லும் வீதியில் அமைந்துள்ளது உடப்புசல்லாவை. இலங்கைத் தேயிலையின் ஏழு வலயங்களுள் ஒன்று இவ்வூரின் பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்படுகின்றது. பிரித்தானியர் காலத்தில் இவ்வூரின் பெயரால் ஒரு குறுகிய ரயில் பாதையும் இருந்தது. நானுஓயாவிலிருந்து 1903 இல் நுவரெலியாவுக்கும் 1904 இல் இராகலைக்கும் அது திறக்கப்பட்டது. ஆனால் உடப்புசல்லாவை என்ற பெயரைச் சூடிய அப்பாதை, உடப்புசல்லாவையை அடையாமல் இராகலையுடனேயே நின்றுவிட்டது. 1940களில் அதுவும் மூடப்பட்டது. நூற்றாண்டு கடந்த பின்னர் இணையத்தின் கதையும் ஏறக்குறைய அவ்வாறே இருக்கிறது. பிரதான வீதியையும் கடைத்தெருவையும் எட்டும் சேவை, மலைச்சரிவில் உள்ள லயன் அறைகளை எட்டுவதற்குள் களைத்துவிடுகிறது.

இந்தக் குறைபாட்டை நாடே கண்கூடாகக் கண்டது கொவிட் காலத்தில்தான். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி கையடக்கத் தொலைபேசிக்கு மாறியபோது, மலையகத்தின் பல இடங்களில் மாணவர்கள் அலைவரிசை தேடி மலையுச்சிக்கும் மரக்கிளைக்கும் ஏற நேர்ந்தது. 2021 இல் பொஹிட்டியாவ என்ற கிராமத்து மாணவர்களும் ஆசிரியையும் காட்டு வழியே நடந்து மலையுச்சியில் ஏறிப் பாடங்களைப் பெற்ற செய்தி உலக ஊடகங்களிலும் இடம்பிடித்தது. பாடசாலைகள் திறக்கப்பட்டதும் அக்காட்சி மறைந்தது; அதற்கான காரணம் மறையவில்லை.

தடையாக நிற்பவை எவை?

முதலாவது தடை நிலவமைப்பு. கம்பியில்லாத் தொலைத்தொடர்பில் கோபுரத்துக்கும் கருவிக்கும் இடையே பார்வைத் தடை எவ்வளவு குறைவாக உள்ளதோ அவ்வளவுக்குச் சேவை சிறக்கும். மலைநாட்டிலோ ஒரு மேடு குறுக்கிட்டாலே அதன் மறுபுறம் உள்ள லயன் இருளில் ஆழ்ந்துவிடுகிறது. எதிரே கோபுரம் தெரியும் இடத்தில் சேவை கிடைக்க, அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் அழைப்புக்கூட எடுக்க முடியாத நிலை இதனாலேயே உண்டாகிறது. லயன்களின் தகரக் கூரையும் தன் பங்குக்கு அலைகளைத் தடுக்கிறது. சமவெளியில் ஒரு கோபுரம் செய்யும் பணியை இங்கு செய்வதற்கு இரண்டு மூன்று கோபுரங்கள் வேண்டும்.

இரண்டாவது தடை வணிகக் கணக்கு. கோபுரம் அமைப்பதற்கும், அதற்கு மின்சாரம் கொண்டுசெல்வதற்கும், ஒளியிழைக் கம்பியைக் கம்பங்களின் வழியே இழுப்பதற்கும் செலவு அதிகம். அதைப் பகிர்ந்துகொள்ளக் கூடிய வாடிக்கையாளர்களோ குறைவு. அவர்களின் வருமானமும் குறைவு. இலாப நோக்கில் இயங்கும் நிறுவனம் நகரத்து வீதிக்கு முதலிடமும் தோட்டத்துக்குக் கடைசி இடமும் வழங்குவதில் வியப்பில்லை.

மூன்றாவது தடை தோட்டத்துக்கே உரியது. அதிகம் பேசப்படாததும் இதுவே. லயன் அறையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவருக்கு அந்த நிலம் சொந்தமில்லை. 1970களில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் முகாமைத்துவம் 1992 இல் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. ஒரு கம்பம் நடவும், தேயிலை மலைக்கு ஊடாக ஒரு கம்பியைக் கொண்டுசெல்லவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நிலையான இணைப்புக்கு விண்ணப்பிக்கும் குடும்பத்திடம் வதிவிடச் சான்று கேட்கப்படும்போது, தனி முகவரி இல்லாமல் தோட்ட அலுவலகத்தின் ஊடாகவே கடிதம் பெற்றுவந்த மக்கள் என்ன செய்வார்கள்?

உள்ளூராட்சி மன்றங்களும் நெடுங்காலம் தோட்டத்துக்கு வெளியேயே நிறுத்தப்பட்டிருந்தன. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. எனினும், பாதையும் குடிநீரும் கேட்டுக் காத்திருக்கும் தோட்டங்களில் இணையம் இன்னும் எந்தச் சபையின் முன்னுரிமைப் பட்டியலிலும் மேலே வரவில்லை.

இருக்கும் வழிகள்

இன்றைய நிலையில் ஒரு தோட்டக் குடும்பத்தின் முன்னே நான்கு வழிகள் உள்ளன. ஒளியிழை இணைப்பு அவற்றுள் சிறந்தது. வேகம் குறையாது, மழைக்கும் பனிமூட்டத்துக்கும் அஞ்சாது. ஆனால் கம்பி செல்லும் பாதைக்கு அருகில் இருப்போருக்கே அது கிடைக்கும். பழைய செப்புக் கம்பி வழியான இணைப்பு, தொலைபேசி நிலையத்திலிருந்து விலக விலக வேகம் குன்றும் இயல்புடையது. சில கிலோமீற்றருக்கு அப்பால் அதனால் பயனில்லை.

மூன்றாவது வழி, 4ஜி ரவுட்டர் அல்லது கையடக்கத் தொலைபேசியின் டேட்டா. பெரும்பாலான தோட்டக் குடும்பங்கள் நம்பியிருப்பது இதனையே. 2000களின் நடுப்பகுதியில் கம்பியில்லாச் சிடிஎம்ஏ தொலைபேசிகள் வந்தபோது, கம்பிக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த கிராமங்கள் ஒரே நாளில் தொலைபேசி பெற்றன. அந்தத் தொழில்நுட்பம் காலாவதியான பின்னர் அதன் இடத்தை 4ஜி பிடித்துக்கொண்டது. நிறுவுவதற்கு எளிது என்றாலும், ஒரே கோபுரத்தைப் பலர் பகிர்வதால் மாலை ஏழு மணிக்குப் பின்னர் வேகம் சரிந்துவிடுகிறது. தொழிலாளி மலையிலிருந்து திரும்பி, பிள்ளை புத்தகத்தை விரிக்கும் நேரமும் அதுவே.

நான்காவது வழி செய்மதி. 2024 இல் தொலைத்தொடர்புகள் சட்டம் திருத்தப்பட்டு, ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டு, 2025 ஜூலையில் சேவை ஆரம்பமாயிற்று. பழைய செய்மதிகள் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்க, இவை ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்திலேயே சுற்றுவதால் தாமதம் குறைவு. மலை மறைக்காத திறந்த வானம் இருந்தால் போதுமானது. ஆனால் அறிமுக வேளையில் கருவியின் விலை ஒரு இலட்சம் ரூபாவையும், மாதக் கட்டணம் பத்தாயிரம் ரூபாவையும் தாண்டியிருந்தன. தொழில்நுட்பம் மலையைத் தாண்டிவிட்டது. விலை புதிய மலையாக எழுந்து நிற்கிறது.

கட்டுப்படியாகும் கட்டணம் எது?

ஐக்கிய நாடுகளின் அகலப்பட்டை ஆணைக்குழு இதற்கு ஓர் அளவுகோலை வகுத்துள்ளது. ஆரம்பநிலை இணையச் சேவையின் கட்டணம், தலா மாத வருமானத்தின் 2 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்பதே அது. இந்த அளவுகோல் நாட்டின் சராசரி வருமானத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. அதனை ஒரு தோட்டத் தொழிலாளிக்குப் பொருத்திப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக உயர்த்துவதோடு, அரசின் 200 ரூபா வருகை ஊக்குவிப்புத் தொகையும் வழங்கப்படும் என அறிவித்தது. மொத்தம் 1,750 ரூபா. மாதத்தில் 22 நாள்கள் வேலை கிடைக்கிறது என்று கொண்டால், பிடித்தங்களுக்கு முன்னர் 38,500 ரூபா. அதன் 2 சதவீதம் 770 ரூபா. வேலை நாள்கள் குறையும் மாதத்தில் இத்தொகையும் குறையும்.

அந்த 770 ரூபாவுக்குள் ஒரு குடும்பத்தின் இணையச் செலவு முழுவதும் அடங்க வேண்டும். 2022 செப்டெம்பரில் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியுடன் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 சதவீதத்தால் உயர்ந்தன. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. விளம்பரத்தில் காட்டப்படும் தொகை ஒன்று, வரிகள் சேர்ந்து பட்டியலில் வரும் தொகை வேறொன்று. குறைந்த வருமானமுடையோர் மாதப் பொதியை வாங்க இயலாமல் நாளாந்த, வாராந்தச் சிறு பொதிகளை வாங்கும்போது, ஒரு ஜிகாபைட்டுக்கு அவர்கள் செலுத்தும் விலை வசதி படைத்தவர் செலுத்துவதைவிட அதிகமாகிறது. சில்லறைக் கடையில் அரைக் கிலோ அரிசிக்கு நேரும் கதையே இங்கும் நேர்கிறது.

ஆகவே இணைப்புப் பெற முன்னர் சிலவற்றைக் கவனித்தல் நன்று. ரவுட்டர் வாங்குவதற்கு முன், அயலவர்களிடம் உள்ள வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளை அதே அறையில் காலையிலும் இரவு எட்டு மணியளவிலும் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். ஒரு மேட்டுக்கு அப்பால் சிறந்து விளங்கும் நிறுவனம் இங்கு பயனற்றதாக இருக்கலாம். ரவுட்டரைக் கோபுரத் திசையை நோக்கிய யன்னலருகே வைத்தாலே சில இடங்களில் வேறுபாடு தெரியும். வெளியே பொருத்தும் திசைசார் அன்ரெனாவை ஏற்கும் வசதி அதில் உண்டா என்பதையும் கேட்டறிய வேண்டும். இடி மின்னல் மிகுந்த காலத்தில் அதனைக் கழற்றிவிடுதல் அவசியம். நள்ளிரவுக்குப் பின்னர் மட்டும் செல்லுபடியாகும் டேட்டாவைப் பெரிதாகக் காட்டும் பொதிகளில், பகலுக்கு எவ்வளவு எஞ்சுகிறது என்பதே மாணவர் உள்ள வீட்டின் கேள்வியாக இருக்க வேண்டும். ஒப்பந்தக் காலமும், இடையில் நிறுத்தினால் செலுத்த வேண்டிய தொகையும் தாய்மொழியில் எழுத்தில் கிடைக்கிறதா என்று கேட்கவும் தயங்கக் கூடாது.

பிறர் கண்ட வழி

தனித்தனியே வாங்க முடியாததைக் கூடி வாங்கிய ஊர்கள் உலகில் உண்டு. ஸ்பெயினின் கற்றலோனியாவில் 2004 இல் தொடங்கிய குய்ஃபி வலையமைப்பு, ஊரவரே கருவிகளைப் பொருத்திப் பராமரிக்கும் பொதுச் சொத்தாக வளர்ந்தது. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011 இல் ஆரம்பமான கிராமிய அமைப்பொன்று, விவசாயிகள் தத்தம் நிலத்தின் ஊடாகத் தாமே அகழி தோண்டி ஒளியிழை பதிக்க வழிவகுத்தது. நில உரிமையாளர் இசைந்தால் செலவு எவ்வளவு குறையும் என்பதற்கு அது சான்று. நம் நாட்டிலேயே அநுராதபுரம் மாவட்டத்தின் மகாவிலச்சிய கிராமம், 2000களில் கம்பியில்லா வலைப்பின்னலால் வீடுகளை இணைத்துக் காட்டியது. கேரள அரசு 2023 ஜூனில் தொடக்கிவைத்த கே-ஃபோன் திட்டம், இருபது இலட்சம் வறிய குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதை இலக்காகக் கொண்டது.

மறுபுறம், எச்சரிக்கை தரும் அனுபவங்களும் உண்டு. இந்தியாவின் பாரத்நெட் திட்டம் ஊராட்சி அலுவலகம் வரை ஒளியிழையைக் கொண்டுசென்றும், அங்கிருந்து வீடுகளுக்குச் செல்வதில் தடுமாறியது. 2005 முதல் இங்கு அமைக்கப்பட்ட நெனசல அறிவகங்கள் 2014 இல் சர்வதேச விருது பெற்றன. ஆனால் பொறுப்பாளரும் பராமரிப்பும் இல்லாத இடங்களில் நிலையம் பெயரளவிலேயே எஞ்சியது. கட்டடத்தைத் திறந்துவைப்பதுடன் பணி முடிந்துவிடுவதில்லை.

செய்ய வேண்டியவை

நிதி இல்லை என்ற வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளின் மீது அறவிடப்பட்ட தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணத்தின் நோக்கமே, சேவை எட்டாத பகுதிகளுக்கு அதனைக் கொண்டுசெல்வதுதான். கிராமங்களுக்குக் கோபுரங்களை அமைக்கும் 'கமட்ட சன்னிவேதனய' திட்டமும் அந்த நோக்குடனேயே முன்னெடுக்கப்பட்டது. மத்திய கிழக்கிலிருந்து தோட்டத்து வீடுகளுக்கு வரும் அழைப்புகளும் அந்நிதிக்குப் பங்களித்தவையே. கோபுரங்களைத் தெரிவு செய்கையில் கிராம உத்தியோகத்தர் பிரிவை மட்டும் அலகாகக் கொள்ளாது, தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும், லயன் அறையின் உட்புறத்திலும் அலைவலிமையை அளக்க வேண்டும். வீதியில் அளந்து முழுப் பிரிவுக்கும் சேவை உண்டு என்று அறிக்கையிடுவது, வாசலோடு திரும்பிவிட்டு வீட்டைப் பார்த்ததாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

புதிதாக எழும் தோட்டக் குடியிருப்புகளில், பாதையும் குடிநீர்க் குழாயும் அமைக்கும்போதே ஒளியிழைக்கான வெற்றுக் குழாயையும் புதைத்துவிட்டால் பின்னர் மீண்டும் தோண்டும் செலவு இல்லை. பெருந்தோட்டக் கம்பனிகள் கம்பி செல்வதற்கான அனுமதியைக் குறித்த காலத்துக்குள் வழங்க வேண்டும் என்ற விதி தேவை. வதிவிடச் சான்றாகக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலை நிறுவனங்கள் ஏற்க வேண்டும். ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் வாசிகசாலையிலும் மாலை ஒன்பது மணி வரை திறந்திருக்கும் பொது இணைய வசதியும், மாணவருள்ள குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகைக் கட்டணப் பொதியும் ஏற்படுத்தப்படுதல் அவசியம். செய்மதிக் கருவியின் விலை ஒரு வீட்டுக்கு எட்டாததாயினும், ஒரு பாடசாலைக்கு எட்டாததன்று.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களைத் தாக்கியபோது, மண்சரிவால் வீதிகளுடன் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. உறவினர் உயிருடன் உள்ளனரா என்பதையே அறிய முடியாமல் பலர் தவித்தனர். சரிவு அபாயமுள்ள மலையில் வாழ்வோருக்கு முன்னெச்சரிக்கை சென்றடைவதும் இதே இணைப்பின் மூலமே என்பதைத் திட்டமிடுவோர் மனங்கொள்ள வேண்டும்.

இராகலையோடு நின்ற ரயில் பாதையைப் பற்றி இன்று வரலாற்று நூல்களில்தான் படிக்க முடிகிறது. இணையத்தின் பாதையும் கடைத்தெருவோடு நின்றுவிட்டால், அதன் விலையை அடுத்த தலைமுறை தன் கல்வியாலும் தொழிலாலும் செலுத்த நேரிடும். மலையகப் பிரதிநிதிகளும், ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும், தோட்டக் கம்பனிகளும் ஒரே மேசையில் அமர்ந்து, எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவுக்கு எந்த ஆண்டில் இணைப்பு என்ற அட்டவணையைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். உடப்புசல்லாவை மக்கள் எதிர்பார்ப்பது அந்தத் திகதியையே.