மீனைக் கணக்கெடுப்பது யார்?



தோட்டத்துக்குள் மீன் வண்டி வந்து நின்றதும் நம் தாய்மார்கள் அதைச் சுற்றிக்கொள்வார்கள். கெம்போங் என்ன விலை என்று ஒருவர் கேட்பார். விலையைக் கேட்டதும், "போன வருஷம் இதைவிடப் பெரிசா இருந்துச்சே" என்று இன்னொருவர் சொல்வார். மீன்காரர் சிரித்து மழுப்பிவிடுவார். அந்தத் தாய் கடலில் கால் நனைக்காதவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது கடலைப் பற்றிய முக்கியமான செய்தி. பிடிபடும் மீன் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துவருகிறது என்றால், வளர்ந்து முட்டையிடுவதற்கு முன்பே அதைப் பிடித்துவிடுகிறார்கள் என்று பொருள் இருக்கக்கூடும்.

இதை உறுதியாகச் சொல்ல யாரால் முடியும்? கடலுக்குப் போகிற மீனவராலா, படித்த விஞ்ஞானியாலா? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

தஞ்சோங் பகாரிலிருந்து தொடங்குகிறேன். தோட்டத்திலிருந்து ரயில் ஏறிச் சிங்கப்பூருக்கு வந்த பழைய தலைமுறைக்கு அது தெரிந்த இடம். 1932-இல் திறந்த தஞ்சோங் பகார் நிலையத்தில்தான் அவர்கள் வந்து இறங்குவார்கள். அந்த நிலையம் 2011-இல் மூடப்பட்டது. துறைமுகத்தில் உழைத்த நம்மவர்கள் பலர் குடியிருந்ததும் அந்தப் பக்கம்தான். மலாய் மொழியில் தஞ்சோங் என்றால் கடலுக்குள் நீளும் முனை. பகார் என்றால் வேலி. இந்தப் பெயர் வந்த காரணத்தை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்று, கூரிய மூக்குள்ள தோடாக் மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து கரையில் நின்றவர்களைக் குத்தின என்ற பழங்கதை. வாழைத் தண்டுகளால் வேலி கட்டினால் மூக்கு அதில் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னானாம். ஊர் பிழைத்தது. ஆனால் அவ்வளவு புத்தி உள்ளவன் வளர்ந்தால் தனக்கு ஆபத்து என்று அஞ்சிய அரசன் அவனைக் கொன்றுவிட்டானாம். இரண்டாவது காரணம் எளிமையானது: அந்தக் கரையில் மீன் பிடிப்பதற்காக மரக்கழிகளால் வேலி நட்டிருந்தார்கள்.

எனக்கு இரண்டாவது காரணமே பொருத்தமாகப் படுகிறது. அந்த வேலி எப்படி மீன் பிடித்தது என்று பார்ப்போம். அதற்குக் கேலோங் என்று பெயர். நிபோங் என்னும் ஒருவகைப் பனையின் கம்பங்களைக் கடல் தரையில் ஊன்றி, நீரோட்டத்துக்குக் குறுக்கே நீளமாக வேலி அமைப்பார்கள். ஓட்டத்தோடு வரும் மீன் வேலியைக் கண்டதும், அதை ஒட்டியே ஆழத்தை நோக்கி நீந்தும். வேலியின் கோடியில் ஓர் அறை இருக்கும். உள்ளே போவது எளிது, திரும்பி வருவது கடினம். இரவில் விளக்கைத் தொங்கவிட்டு, அறையின் அடியில் விரித்த வலையைத் தூக்குவார்கள். மீனைத் துரத்துவது இல்லை, அது வரும்வரை காத்திருக்க வேண்டும். எந்த மாதத்தில், எந்தப் பிறையில், எந்த ஓட்டத்தில் எந்த மீன் வரும் என்பது கேலோங்காரருக்குத் தலைகீழ்ப் பாடம்.

பிறகு இழுவலை வந்தது. இயந்திரப் படகு, பை போன்ற பெரிய வலையைக் கடலின் அடியில் இழுத்துக்கொண்டு போகும். எதிர்ப்பட்டது எல்லாம் பைக்குள் போகும். தாய்லாந்து வளைகுடாவில் இந்த முறை 1960-களின் தொடக்கத்தில் பரவியது. 1961-இல் அங்கே ஒரு மணி நேரம் வலையை இழுத்தால் சுமார் 300 கிலோ மீன் கிடைத்தது. 1972-இல் அதே ஒரு மணி நேர இழுப்புக்குக் கிடைத்தது சுமார் 60 கிலோதான். ஆனால் அதே ஆண்டுகளில் தாய்லாந்து கரைக்குக் கொண்டுவந்த மொத்த மீன் பலமடங்கு பெருகியது.

இது எப்படி? பால்மரம் வெட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் ஐம்பது பேர் மரம் வெட்டுகிறார்கள். அடுத்த வருஷம் நூறு பேரை இறக்கி, புது நிரைகளையும் திறந்துவிட்டால், ஸ்டோருக்கு வரும் மொத்தப் பால் கூடும். கிராணியாரின் புத்தகத்தில் தோட்டம் செழிப்பாகத் தெரியும். ஆனால் ஒரு மரத்து மங்கில் எவ்வளவு பால் வடிகிறது என்று பார்த்தால்தான், பட்டை களைத்துப்போனது புலப்படும். கடலிலும் அப்படித்தான். மொத்த எடையைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு வலைக்கு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

இந்த வகைக் கணக்கை எடுக்கத்தான் ஆராய்ச்சிக் கப்பல்களை அனுப்புகிறார்கள். தென்கிழக்கு ஆசிய நாடுகளும் ஜப்பானும் சேர்ந்து 1967-இல் ஒரு மீன்வள மேம்பாட்டு நிலையத்தை ஏற்படுத்தின. அதன் கடல்மீன் ஆராய்ச்சிப் பிரிவு 1969-இல் சிங்கப்பூரில், சாங்கியில் தொடங்கியது. 'சாங்கி' என்றே பெயர் கொண்ட அதன் கப்பல் தென்சீனக் கடலில் வலை இழுத்துக் கணக்கெடுத்தது. நல்ல வேலைதான். ஆனால் எவ்வளவு நல்ல கப்பலானாலும் எல்லா நாளும் எல்லா இடத்திலும் இருக்க முடியாது. மீனவரோ நாள் தவறாமல் போகிறார். அவர் கண்ணில் படுவது கப்பலின் கண்ணில் படாமல் போகலாம். அப்படிப் போனதால் வந்த பெருங்கேடு ஒன்றைச் சொல்கிறேன்.

கனடா நாட்டின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு பெரிய தீவு. அதன் கடலில் காட் என்னும் மீன் நூற்றாண்டுகளாகக் கொழித்தது. உப்புப் போட்டுக் காயவைத்த அந்தக் கருவாடு உலகமெல்லாம் போனது. அங்கே இரண்டு வகை மீனவர்கள். கரையோரக் குடாக்களில் சிறு படகுகளில் பிடிப்பவர்கள் ஒரு வகை. ஆழ்கடலில் பெரிய இழுவைக் கப்பல்களில் பிடிப்பவர்கள் மற்றொரு வகை. 1980-களின் நடுவில் கரையோர மீனவர்கள் முறையிடத் தொடங்கினார்கள்: மீன் முன்போலக் கரைக்கு வருவதில்லை, வருகிற மீனும் சிறுத்துவிட்டது என்று. நம் தோட்டத்துத் தாய் சொன்ன அதே பேச்சுத்தான். அரசாங்க விஞ்ஞானிகளின் கணக்கோ வேறாக இருந்தது. பெரிய கப்பல்கள் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு பிடிக்கின்றன, குறையவில்லையே என்றது அந்தக் கணக்கு.

சற்று முன் நான் சொன்ன அதே அளவுகோல் அங்கே ஏன் ஏமாற்றியது? அந்தக் கப்பல்களில் மீன் கூட்டத்தைக் காட்டும் கருவிகள் இருந்தன. காட் மீனோ எண்ணிக்கை குறையும்போது எஞ்சியவை ஓரிடத்தில் நெருங்கிக் கூடும் பழக்கம் உடையது. கப்பல் நேரே அங்கே போய் அள்ளியது. கடைசிக் கூட்டம் இருக்கும்வரை ஒரு மணி நேரக் கணக்கு நன்றாகவே தெரிந்தது. ஊரில் பால் வற்றிய மரங்களையெல்லாம் விட்டுவிட்டு, நன்றாகப் பால் சுரக்கும் பத்து மரத்தை மட்டும் அளந்து, தோட்டம் நன்றாக இருக்கிறது என்று எழுதியது போல!

1992-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி, காட் பிடிக்கத் தடை என்று அரசாங்கம் அறிவித்தது. ஏறக்குறைய 30,000 பேர் ஒரே அறிவிப்பில் வேலை இழந்தார்கள். ஓரிரண்டு வருஷத்தில் மீன் திரும்பிவிடும் என்று நினைத்தார்கள். வணிக மீன்பிடிப்பை அங்கே மறுபடி அனுமதித்தது 2024-இல். இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் போயின. தடை அறிவித்த வருஷம் பிறந்த குழந்தை, பிள்ளை பெற்றிருக்கும்.

அந்த அடிக்குப் பிறகுதான் விஞ்ஞானிகள் கரையோர மீனவர்களைத் தேடி வந்தார்கள். 1995-இல் காவல் மீன்பிடிப்பு என்று சொல்லத்தக்க ஒரு திட்டம் தொடங்கியது. தெரிந்தெடுத்த மீனவர்கள், குறித்த இடங்களில், குறித்த அளவு வலையை, வருஷா வருஷம் ஒரே முறையில் போட வேண்டும். கிடைத்ததை அளந்து, எடைபோட்டு, புத்தகத்தில் எழுத வேண்டும். மீன் இல்லாவிட்டாலும் வலையைப் போட வேண்டும், 'இல்லை' என்று எழுத வேண்டும். பிழைப்புக்காக மீன் பிடிப்பவர் மீன் இல்லாத இடத்துக்குப் போவாரா? போகமாட்டார். ஆராய்ச்சிக்கு அந்த வெறும் வலையும் ஒரு செய்தி. இங்கேதான் மீனவரின் அனுபவமும் விஞ்ஞானியின் ஒழுங்கும் ஒன்றுக்கொன்று தேவைப்படுகின்றன.

மீனவர்கள் மீனின் தலையிலிருந்து சிறு கல் ஒன்றையும் எடுத்துத் தருகிறார்கள். மீனின் உட்காதில் இருக்கும் அந்தக் கல்லை அறுத்துப் பார்த்தால், மரத்தில் தெரிவதுபோல வருஷத்துக்கு ஒரு வளையம் தெரியும். வளையங்களை எண்ணினால் மீனின் வயது கிடைக்கும். நம்முடைய வெப்பக் கடலில் குளிர்காலம் இல்லாததால் வருஷ வளையம் அவ்வளவு தெளிவாக இராது. அதனால் இங்கே மாதாமாதம் மீன்களின் நீளத்தை அளந்து வளர்ச்சியைக் கணக்கிடுவது வழக்கம்.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டுக் கரையில் இந்தக் கணக்கு வெகுகாலமாக நடக்கிறது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-இல் அமைக்கப்பட்டது. 1949 முதல் அதன் தலைமையகம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் இருந்தது. 1971-இல் கொச்சிக்கு மாறியது. அதன் ஆட்கள் முறைப்படி தெரிந்தெடுத்த நாட்களில், தெரிந்தெடுத்த கரைகளில் போய் நிற்பார்கள். படகு வந்து சேர்ந்ததும், எவ்வளவு தூரம் போனீர்கள், எத்தனை மணி நேரம் வலை போட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். மீனவர் உண்மையைச் சொன்னால்தான் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பு. அவர் ஏன் சொல்ல வேண்டும்? நல்ல இடத்தைச் சொன்னால் அடுத்தவர் போய்விடுவார். மீன் குறைந்தது என்று சொன்னால் நாளைக்குத் தடை வரும். இந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

பயம் நீங்கிய ஓர் இடத்தைச் சொல்கிறேன். கேரளத்தில் கொல்லம் நகரை ஒட்டி அஷ்டமுடி என்னும் காயல் இருக்கிறது. அங்கே நீருக்குள் மூழ்கியும், கையால் இழுக்கும் சிறு வாரியாலும் மட்டி எடுப்பார்கள். கரையில் பெண்கள் அதை அவித்துச் சதையைப் பிரித்தெடுப்பார்கள். 1980-களில் வெளிநாட்டு ஏற்றுமதி தொடங்கியதும் எல்லாரும் மட்டிக்கு இறங்கினார்கள். 1991-இல் சுமார் 10,000 டன் கிடைத்தது. இரண்டே வருஷத்தில் அது பாதியாகிவிட்டது.

விஞ்ஞானிகள் ஆராய்ந்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி இனம் பெருக்கும் காலம் என்று கண்டார்கள். அந்த மூன்று மாதம் எடுப்பதை நிறுத்தவேண்டும். குஞ்சு மட்டி விழுந்துவிடும்படி வாரியின் வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஒரு கிலோ சதைக்கு 1,400-க்கு மேல் மட்டி இருந்தால் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று விதிகள் வந்தன. செம்பனைத் தோட்டத்தில் பழுக்காத குலையை வெட்டக்கூடாது என்ற விதி நமக்குத் தெரியுமே, அதுபோலத்தான். இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. சின்ன மட்டியை வாங்க மாட்டோம் என்று வியாபாரிக்கும் கட்டுப்பாடு இருந்தது. எடுப்பவரை மட்டும் பிடித்துத் தண்டிக்கும் விதி ஆகாமல், வாங்குபவரையும் கட்டியது. மீனவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். மட்டி மீண்டது. முறையாகப் பிடிக்கப்படும் மீன்வளம் என்ற சர்வதேசச் சான்று 2014-இல் அஷ்டமுடி மட்டிக்குக் கிடைத்தது. இந்தியாவில் அந்தச் சான்றை முதலில் பெற்றது அதுதான்.

அதன் பின் வந்த ஆண்டுகளில் காயலில் மட்டி மறுபடி குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானிகள் விழிஞ்ஞத்தில் மட்டிக் குஞ்சுகளை வளர்த்துக் கொண்டுவந்து காயலில் விட்டார்கள். பிடிப்பதைக் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது, காயலின் தண்ணீரும் நன்றாக இருக்கவேண்டும் அல்லவா?

இன்னொரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. கடலுக்கு ஓய்வு கொடுக்கிறோம்; அந்த ஓய்வுக்கு யார் செலவு செய்வது? ரப்பர் மரம் இலை உதிர்த்து நிற்கும் நாட்களில் வெட்டு நின்றால் பட்டைக்கு நல்லது. வெட்டுகிறவர் வீட்டு அடுப்புக்கு அது நல்லதா? தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போக 2001 முதல் வருஷத்தில் 45 நாள் தடை இருந்தது. 2017 முதல் அது 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த நாட்களில் அரசாங்கம் மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை கொடுக்கிறது. அது போதாது என்பது மீனவர்கள் சொல்லும் குறை. எல்லா மீனும் இந்த இரண்டு மாதத்திலா முட்டையிடுகிறது என்ற கேள்வியும் அவர்களிடம் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். வெவ்வேறு மீன் வெவ்வேறு காலத்தில் முட்டையிடும். அதற்கு விடை சொல்ல, பிடிபட்ட மீனின் வயிற்றைத் திறந்து, சினை முற்றியிருக்கிறதா என்று மாதாமாதம் பார்த்து எழுதவேண்டும். மீன் இருப்பது மீனவரின் கூடையில். எழுதும் புத்தகம் விஞ்ஞானியின் கையில்.

நம் வீட்டிலும் கெம்போங்கை அறுக்கும்போது சினை இருக்கிறதா, மீன் எத்தனை விரல் நீளம் என்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை ஒரு பழைய நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். தேதியையும் சேர்த்து எழுதட்டும். ஒரு வருஷம் கழித்து மீன் வண்டி வரும்போது, மீன்காரரிடம் காட்ட உங்கள் கையிலும் ஒரு கணக்கு இருக்கும்.